மழைக்காலத்தில் இறுகும் மிளகு மில்: பிரிப்பதும் பராமரிப்பதும்

வைகாசி பிறந்தால் யாங்கூனில் மழை பிடித்துக்கொள்ளும். ஐப்பசி வரை சுவர் ஓதம் காக்கும், அப்பளம் நமத்துப்போகும், உப்பு கசியும், மிளகு மில் இறுகும். மோல்மேன் பக்கம் இன்னும் மோசம். அங்கே ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோடையில் விரல் நுனியால் சுற்றிய மில்லை ஆனி, ஆடியில் இரண்டு கையாலும் பிடித்து முறுக்க வேண்டியிருக்கும்.

அப்படி முறுக்குவதுதான் மில்லைக் கெடுக்கிறது. மழைக்காலத்தில் இறுகிய மில்லில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ஈரமேறிய மிளகுத்தூள் பற்களுக்கிடையில் அப்பியிருக்கும், அல்லது மரம் ஊதியிருக்கும், அல்லது மேல் குமிழை யாரோ அளவுக்கு மீறித் திருகியிருப்பார்கள். பலம் கொடுத்தால் தலைக்குள் இருக்கும் தகட்டின் சதுரத் துளை உருண்டுபோகும், தண்டு வளையும். அரை மணி நேர வேலையில் சரியாகியிருக்க வேண்டிய மில் குப்பைக்குப் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது

திருகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். திருகையில் கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மாவு நைசா, ரவையா என்று முடிவு செய்யும். மிளகு மில்லில் கீழ்க்கல்லுக்குப் பதில் உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். அது மில்லின் அடியில் பதிந்து நிற்கும். மேல்கல்லுக்குப் பதில் பல் வெட்டிய ஒரு கூம்பு. அது ஒரு சதுரத் தண்டின் கீழ்முனையில் உட்கார்ந்திருக்கும். தண்டு மில்லின் நடுவாக மேலே ஏறி, தலைக்குள் இருக்கும் தகட்டின் சதுரத் துளையில் நுழைந்து வெளியே வரும். அந்த நுனியில் மரை வெட்டியிருக்கும், அதில் குமிழ்.

குமிழை இறுக்கினால் தண்டு மேலே இழுபடும், கூம்பு வளையத்தை நெருங்கும், தூள் நைசாகும். தளர்த்தினால் ஒரு சின்ன ஸ்பிரிங் கூம்பை விலக்கிவிடும், தூள் கொரகொரப்பாகும். கூம்பின் மேல்பகுதிப் பற்கள் பெரியவை, மிளகை உடைப்பவை. அடியோரப் பற்கள் பொடியவை, அரைப்பவை. இன்று கார்களுக்குப் பேர்போன பிரான்சின் பெஜோ 1874-இல் மிளகு மில் செய்யத் தொடங்கியது. பெரிய பல் உடைக்க, சின்ன பல் அரைக்க என்ற ஏற்பாடுதான் இன்றைக்கும் நல்ல மில்களில் இருக்கிறது.

சில மில்களில் மேலே குமிழ் இருக்காது. அடியில் ஒரு சின்னச் சக்கரம் அல்லது திருகு இருக்கும். இடைவெளியை அங்கே மாற்ற வேண்டும். இனி குமிழைத் தளர்த்த, இறுக்கச் சொல்லும் இடமெல்லாம் அதற்கும் பொருந்தும்.

எது பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்யுங்கள்.

1. குமிழை இடப்பக்கமாக இரண்டு முழுச் சுற்று தளர்த்தி, தலையைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கூம்பும் வளையமும் ஒன்றோடொன்று முட்டி நின்றிருக்கின்றன. வேறு பழுதில்லை. இனி, தூள் வேண்டிய அளவுக்கு நைசாக வந்ததும் குமிழை நிறுத்திவிடுங்கள்.

2. சுற்றவில்லை என்றால் தலையைப் பின்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, மில்லைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, மறுபடி முன்பக்கம் சுற்றுங்கள். பற்களுக்குள் குறுக்கே நின்ற காம்போ கல்லோ இதில் விலகும். பின்பக்கம் அதிகம் சுற்ற வேண்டாம். மில் அந்தப் பக்கம் அரைக்காது, குமிழும் கழன்று வந்துவிடும்.

3. அப்படியும் அசையாவிட்டால் குமிழைக் கழற்றி, தலையைத் தூக்கி, மிளகு முழுவதையும் தட்டில் கொட்டுங்கள். காலி மில்லில் தலையை வைத்து, குமிழைப் பட்டும் படாமலும் திருகி, சுற்றிப் பாருங்கள்.

காலியாக இருக்கும்போது லேசாகச் சுற்றினால் குற்றம் மிளகில். காலியாகவும் இறுக்கமாக இருந்தால் தலையை எடுத்துவிட்டு, தண்டை மட்டும் விரலால் பிடித்துத் திருப்புங்கள். தண்டு சுலபமாகத் திரும்பினால் மரக் கழுத்து ஊதியிருக்கிறது. தண்டே திரும்பாவிட்டால் பற்களில் அப்பியிருக்கிறது, அல்லது துரு. தலை சுற்றியும் தண்டு சுற்றாமல் இருந்தால் தகட்டின் துளை தேய்ந்திருக்கிறது. இந்த நாலில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மிளகுதான் காரணம் என்றால்

நன்றாகக் காய்ந்த மிளகில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் அளக்கக் கருவி தேவையில்லை. நாலு மிளகைத் தட்டில் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். ‘பட்’டென்று நொறுங்கித் துகள் தெறித்தால் காய்ந்த மிளகு. சத்தமில்லாமல் தட்டையாக நசுங்கினால் நமத்த மிளகு. நமத்த மிளகு அரைபடாமல் பிசைபடும். அதைப் போட்டால் எந்த மில்லும் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

மோன் மாநிலத்திலும் தனிந்தாரியிலும் விளையும் மிளகு சந்தையில் வீசைக் கணக்கில் சில்லறையாகக் கிடைக்கிறது. பர்மிய நிறுத்தலளவான ‘விஸ்’ நம் வீசையிலிருந்து வந்ததுதான். ஒரு பர்மிய வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. குடும்பத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 163 கிராம், வாங்கினால் போதும். சில்லறை மிளகில் காம்பும் மண்ணாங்கட்டியும் சின்னக் கல்லும் கலந்திருக்கும். முறத்தில் போட்டுப் புடைத்து, பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி ஒருமுறை பொறுக்குங்கள். ஒரு கல் போதும், பல்லின் நுனி சிதறிவிடும்.

பருமனையும் கவனிக்க வேண்டும். சாதாரண மிளகு 4 முதல் 5 மில்லிமீட்டர். சின்ன மில்லின் வாய்க்குள் 5 மில்லிமீட்டரைத் தாண்டிய மிளகு இறங்காது. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து பாலம் போட்டு நின்றுவிடும். அப்போது மில் லேசாகச் சுற்றும், தூள் மட்டும் வராது. பார்ப்பவர்கள் பல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குலுக்கினால் நாலு சுற்றுக்குத் தூள் வந்து மறுபடி நின்றால் அது இந்தப் பாலம்தான். பருமனான மிளகை உரலில் ஒரு தட்டுத் தட்டி இரண்டாக்கிப் போடுங்கள்.

நமத்த மிளகைக் காயவைக்க, வெயில் இருந்தால் வெயிலே சிறந்தது. மழை விடாத நாட்களில் இரும்புச் சட்டியை மிதமாகச் சுட வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் மிளகைப் போட்டுக் கிளறுங்கள். வாசம் மூக்கில் ஏறத் தொடங்கினால் சூடு அதிகம், உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். வாசம் தரும் எண்ணெய் மிளகில் 2 முதல் 4 சதவீதம்தான். அது காற்றில் போனால் திரும்பாது. தட்டில் பரப்பி, கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வரை ஆறவிட்டு மில்லில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வியர்த்து, போக்கிய ஈரம் திரும்பி வரும்.

வெள்ளை மிளகு மாவாக அப்பும். அதைக் கறுப்போடு கலந்து போட்டால் மில்லை இன்னும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். கலவைப் பாட்டில்களில் வரும் ரோஜா நிற மணிகள் மிளகுக் கொடியில் காய்ப்பவை அல்ல. தோல் மெல்லியது, உள்ளே பிசின். மில்லில் போடவே வேண்டாம்.

பற்களில் அப்பியிருந்தால்

லேசான அப்பலுக்கு மில்லைப் பிரிக்க வேண்டியதில்லை. பௌசான் மாதிரி மென்மையான பச்சரிசி இரண்டு தேக்கரண்டி எடுத்து, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டி ஆறவிடுங்கள். நொய்யாக இருந்தால் இன்னும் நல்லது. குமிழைத் தளர்த்தி, முதல் தேக்கரண்டியைக் கொரகொரப்பாக அரையுங்கள். சாம்பல் நிறத்தில் வரும். இரண்டாவதைக் கொஞ்சம் நைசாக அரையுங்கள். வெள்ளையாக வந்தால் பல் சுத்தம். புழுங்கலரிசி வேண்டாம். கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும், பிளாஸ்டிக் பல் உள்ள மில்லில் பல்லே பெயரும்.

தண்டே திரும்பாத மில்லைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வேண்டியவை: நட்சத்திர முனை சின்ன ஸ்க்ரூடிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி நாலு, பஞ்சு, மருந்துக்கடை ஸ்பிரிட், ஒரு வெள்ளைத் துணி.

குமிழ், தலை இரண்டையும் எடுத்த பிறகு மில்லைக் கவிழ்த்துத் துணியில் நிறுத்துங்கள். அடியில் குறுக்கே ஒரு பட்டையும், அதைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவும் தெரியும். ஸ்க்ரூவின் தலையில் மிளகுத்தூள் நிறைந்திருக்கும். குச்சியால் அதைக் கிளறி எடுத்த பிறகே ஸ்க்ரூடிரைவரை வையுங்கள். இல்லாவிட்டால் வழுக்கி ஸ்க்ரூ தலை உருண்டுபோகும். பட்டை கழன்றதும் தண்டும் கூம்பும் ஸ்பிரிங்கும் வரும். ஸ்பிரிங் சில மில்களில் கூம்புக்கு மேலே, சிலவற்றில் கீழே. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக வைத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஸ்க்ரூவே இல்லாமல் முழுக்க அழுத்திப் பொருத்திய மில்லும் உண்டு. அதை நெம்ப வேண்டாம், மரம் பிளக்கும். பிரஷ், குச்சி, அரிசி இவற்றால் ஆனதைச் செய்யுங்கள்.

வெளியே எடுத்த கூம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய பள்ளம் தெரியாது. கறுப்பு மெழுகு பூசினாற்போல் மட்டமாக இருக்கும். நகத்தால் கீறினால் சுருளாக உரிந்து வரும். மிளகின் எண்ணெயும் தூளும் ஈரமும் சேர்ந்து கெட்டித்த பிசின் அது. மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, ஒவ்வொரு பள்ளமாக மேலிருந்து கீழே இழுங்கள். ஊசி, ஆணி, கத்திமுனை எதுவும் வேண்டாம். பல்லின் விளிம்பு மழுங்கினால் அம்மியைக் கொத்துவது போல இதைக் கொத்த முடியாது.

மிச்சத்துக்கு ஸ்பிரிட் நனைத்த பஞ்சு. மிளகின் காரப்பொருளான பைபரின் தண்ணீரில் ஏறத்தாழ கரையாது, சாராய வகையில் கரையும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து யாரும் வென்றதில்லை. உருக்குப் பல் துருப்பிடித்ததுதான் மிச்சம். துடைத்ததும் விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விட்டு, ஸ்பிரிட் வாடை முழுதும் போன பிறகு பூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் உடம்பில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் படக்கூடாது. மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். அதைக் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

பூட்டும்போது கூம்பின் பெரிய பல் மேலே, பொடிப் பல் கீழே. தலைகீழாகப் போட்டால் மில் சுற்றும், மிளகு இறங்காது. பட்டையின் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்கு வந்தால் தண்டு சாய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடிக்கும். முடிந்ததும் பத்து மிளகு போட்டு வெள்ளைத் தாளில் அரைத்துப் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகள் விழுந்தால் கூம்பு வளையத்தில் உரசுகிறது. குமிழைத் தளர்த்துங்கள்.

எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பற்களுக்கு விடவே கூடாது. சமையல் எண்ணெய் சில வாரத்தில் பிசினாகி, தூளைப் பிடித்துவைத்து, முன்பைவிட மோசமாக இறுகும். கிரீச்சிட்டால் குமிழின் மரையில் உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். வண்டிக்கு அடிக்கும் ஸ்பிரே சமையலறைப் பொருளுக்கு ஆகாது.

மரக் கழுத்து ஊதியிருந்தால்

தலையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக் கழுத்து, உடம்பின் வாய்க்குள் சுற்ற வேண்டும். மழையில் இரண்டும் ஊதி ஒன்றையொன்று கவ்வும். தலையைத் தூக்கவே இழுக்க வேண்டியிருந்தால் இதுதான் காரணம். வெயிலிலோ அடுப்பு மேலோ வைக்க வேண்டாம், மரம் நெடுக வெடிக்கும். வறுத்து ஆறவைத்த அரிசி இரண்டு கோப்பையை மூடியுள்ள டப்பாவில் போட்டு, தலையையும் உடம்பையும் தனித்தனியாக அதற்குள் மூன்று நாள் மூடி வையுங்கள். பிறகு கழுத்தைச் சுற்றி மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் மெழுகை நன்றாகத் துடைத்தெடுத்து, கழுத்து முழுக்கச் சாக்பீஸ் பூசி, உள்ளே வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் 240 எண் உப்புத்தாளால் பத்து இழுப்பு இழுத்து, மறுபடி பொருத்திப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று சுலபமாக நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் தேய்த்தால் மாசி, பங்குனியில் தலை ஆட்டம் காணும். தேய்த்த இடத்துக்கு மறுபடி மெழுகு போட மறக்காதீர்கள். வெறும் மரம் ஈரத்தை விரைவாகக் குடிக்கும்.

துருவும் தேய்மானமும்

மிளகு மில்லில் உப்பைப் போட்டதுதான் துருவுக்கு முதல் காரணம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உருக்கைத் தின்னும். கல்லுப்புக்குப் பீங்கான் பல் உள்ள மில் தனியாக வேண்டும். மேலோட்டமான செந்துரு பித்தளைக் கம்பி பிரஷில் தேய்த்து அரிசி அரைத்தால் போய்விடும். பற்களில் குழி விழுந்திருந்தால் வினிகரில் ஊறவைத்தும் பயனில்லை, கூரான விளிம்பும் கரையும். கூம்பையும் வளையத்தையும் ஜோடியாக மாற்ற வேண்டும், அல்லது மில்லை மாற்ற வேண்டும்.

தலை சுற்றித் தண்டு சுற்றாத மில்லுக்குத் தகடுதான் மருந்து. தலையின் அடியில் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும் அதைக் கழற்றி, தண்டோடு சேர்த்து ஒரு லேத் பட்டறையில் காட்டினால், துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் அதே அளவுக்குச் சதுரத் துளை அராவித் தருவார்கள். துளை தண்டைவிட இம்மியளவுதான் பெரிதாக இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டுவது வேண்டாம். கீழே மிளகு இருக்கிறது.

அரைக்க அரைக்கக் குமிழ் தானாக இறுகிக்கொண்டே போனால், தலை அதை உரசி இழுத்துப்போகிறது. குமிழுக்கும் தலைக்கும் நடுவே மெல்லிய நைலான் வாஷர் ஒன்று போதும். துருவில் உறைந்து கழலாத குமிழுக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் குறடால் பிடித்துத் திருப்புங்கள். வெறும் குறடு முகத்தைச் சிதைத்துவிடும்.

பேட்டரி மில் சுற்றாவிட்டால் முதலில் பேட்டரிப் பெட்டியின் தகடுகளைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை போல் படிந்திருந்தால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். மோட்டார் உறுமியும் பல் சுற்றாவிட்டால் உள்ளே நைலான் சக்கரம் பல் கொட்டியிருக்கிறது. அதற்கு உதிரி கிடைப்பது அரிது. கடையில் மிளகோடு வரும் கண்ணாடிப் பாட்டில் மில்லின் பிளாஸ்டிக் பல் தேயும்போது அந்தத் தேய்மானம் சாப்பாட்டில்தான் விழுகிறது. இரண்டு மூன்று தடவை நிரப்பியதும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இறுகாமல் வைத்திருக்க

ஆவி பறக்கும் ரசத்தின் மேலோ மொஹிங்கா சட்டியின் மேலோ மில்லைப் பிடித்துச் சுற்றாதீர்கள். ஒரு நிமிட ஆவி போதும், அடிப்பற்கள் ஈரமாகிவிடும். தட்டில் அரைத்துக் கையால் தூவுங்கள். அரைத்து முடித்ததும் மில்லின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டிய தூளை உதிர்த்துவிட்டு வையுங்கள்.

மழைக்காலத்தில் மில்லை வாய்வரை நிரப்ப வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஆகும் மிளகு, 20 முதல் 25 கிராம், போட்டால் போதும். மிச்சத்தை இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, வறுத்த அரிசியைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே போடுங்கள். மாதம் ஒருமுறை அந்த அரிசியை மாற்ற வேண்டும்.

முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆண்டில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை தொடங்குவதற்கு முன் சித்திரையில் ஒன்று. கழுத்துக்கு மெழுகு போடுவதும் அன்றே. மழை விட்டு, தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது இன்னொன்று. சுத்தம் செய்த அன்றைக்கே கால் தேக்கரண்டித் தூளுக்கு எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி, ஒரு துண்டுத் தாளில் எழுதி மிளகுப் பாட்டிலில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சுத்தம் செய்த பிறகும் அந்த எண் இரட்டிப்பாக இருந்தால் பல் தேய்ந்துவிட்டது, புதிய ஜோடி தேட வேண்டிய நேரம்.